லீயானும் ஆதார் ஜெராக்ஸும்

“பஸ்ஸே போவாத ஊரு பாஷயப் படிச்சி எந்த ஊருக்குடி போவப் போற?”

இப்படிக் கேட்டவர் என் அத்தை. அப்பாவுக்கு அக்கா. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. நான் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் படிக்கட்டில் செல்போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் பஸ் நின்று போகிற எங்கள் ஊரில், அந்தப் படிக்கட்டில்தான் சிக்னல் அறுந்து போகாமல் நிற்கும். குடத்தோடு வந்த அத்தை, போனுக்குள் ஒருவர் ஏதோ சொல்வதையும் நான் அதைத் திருப்பிச் சொல்வதையும் சிறிது நேரம் கேட்டுவிட்டு, என்ன பாஷை என்று விசாரித்தார்.

“கிரேக்கம் அத்த.”

“அது எங்க இருக்கு?”

“கடல் தாண்டி. ஐரோப்பா பக்கம்.”

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. எங்கள் ஊரிலிருந்து திருச்சிக்குப் போகவே பெரம்பலூரில் இறங்கி இன்னொரு பஸ் ஏற வேண்டும். அத்தையின் உலகப் படம் பஸ் தடங்களால் ஆனது. நான் அவரைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, “இது இப்ப பேசுறது இல்ல அத்த. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி பேசுனது” என்றேன்.

“அடி ஆத்தி! பேசுறதுக்கு ஆளும் இல்லியா?”

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மதியத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவியது: இந்தப் பெண் செத்துப் போனவர்களோடு பேசுகிற படிப்பு படிக்கிறது.

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் மூன்றாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அப்பா கரும்பு வெட்டுக்கு எறையூர்ப் பக்கம் போவார். அம்மா சின்ன வெங்காயம் அறுவடையாகும் காடுகளுக்கு, தாள் அறுத்துப் போடும் வேலைக்குப் போவார். நான் கல்லூரியையே தாண்டிவிட்டேன், அதுவும் முதல் வகுப்பில். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் நேரம் என்ன என்று கேட்டால்கூட, இரண்டாவது வாக்கியத்துக்குள் இதைச் சொல்லியிருப்பேன்.

கிரேக்கம் எனக்கு வந்தது நிலத்துக்கு அடியிலிருந்து. எங்கள் பக்கம் கிணறு தோண்டினாலும் உழவு ஓட்டினாலும் கல்லாகிப்போன கிளிஞ்சல் கிடைக்கும். எங்கள் ஊரிலிருந்து கடலுக்குப் போகப் பல மணி நேரம் ஆகும். ஆனால் காட்டில் கடல் கிடக்கும். நத்தை மாதிரிச் சுருண்ட கல்லை வைத்து நான் சின்ன வயதில் பாண்டி ஆடியிருக்கிறேன். கல்லூரியில் வரலாறு படித்தபோது எங்களை அரியலூர்ப் பக்கத்து அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே என்னுடைய பாண்டிக் கல் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தது. அதன் காலடியில் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு ஒரு நீளமான பெயர். கிரேக்கத்திலிருந்து வந்த பெயர் என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் காட்டில் கிடக்கிற கல்லுக்கு எனக்குப் படிக்கத் தெரியாத பெயரா? அந்தக் கோபத்தில் தொடங்கியதுதான் ஞாயிற்றுக்கிழமைப் படிக்கட்டு வகுப்பு.

இரண்டு வருடம் படித்த பிறகு ஓர் அறிவிப்பு கண்ணில் பட்டது. திருச்சியில் ஒரு கிரேக்க–தமிழ் அகராதிக் குழு, கூட இருந்து வேலை பழகுவதற்கு இரண்டு பேரை எடுக்கப் போகிறது. இரண்டு வருடம் அங்கேயே தங்கிக் கிரேக்கம் படித்துக்கொண்டே அகராதி வேலை செய்யலாம். விண்ணப்பித்தவர்களுக்கு ஆளுக்கொரு சொல் கொடுப்பார்கள். அந்த ஒரு சொல்லுக்கு அகராதியில் எப்படி எழுதுவாயோ அப்படி எழுதி அனுப்ப வேண்டும். அதை வைத்துத்தான் தேர்வு.

அப்பா எறையூர்ப் பக்கத்திலிருந்து போனில் தீர்ப்புச் சொன்னார். “இது கெடச்சா போயிட்டு வா. கெடைக்கலன்னா பி.எட். சேந்துடு. அப்பறம் கிரேக்கம் கீக்கம்னு வாயத் தொறக்கக் கூடாது. சரியா?”

“சரிப்பா” என்றேன். அது கிடைக்காமல் போகும் என்ற நினைப்பே எனக்கு இல்லை. தெருவில் எல்லாரிடமும் கிடைத்துவிட்டதாகவே சொல்லி வைத்திருந்தேன்.

பிறகு சொல் வந்தது.

கடல், கப்பல், போர், அரசி என்று ஏதாவது கம்பீரமாக வரும் என்று காத்திருந்தேன். விண்ணப்பித்தவர்களின் போன் குழுவில் ஒரு பெண், தனக்குக் ‘கடல்’ கிடைத்திருப்பதாகப் பீற்றிக்கொண்டாள். இன்னொருவருக்கு ‘ஆன்மா’. எனக்கு வந்த சொல் லீயான். கிரேக்கத்தில் நாலே எழுத்து. பொருள்: மிக. எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், ரொம்ப.

அவ்வளவுதான்.

கடலுக்கு மீன் இருக்கிறது, அலை இருக்கிறது. ஆன்மாவுக்குச் சொர்க்கம் இருக்கிறது. ‘ரொம்ப’வுக்கு என்ன இருக்கிறது? தனியாக நிற்கக்கூட அதற்குத் தெம்பு கிடையாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி, எப்போதும் இன்னொரு சொல்லின் தோளைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் வேறு வழியில்லாமல் அதன் கதையைத் தேடப் போனபோது, ஆள் அவ்வளவு சாதாரணம் இல்லை என்று தெரிந்தது. மிகப் பழைய போர்ப் பாடல்களில் அதன் பெயர் லீயேன். அங்கே சில இடங்களில் ஒரு பேச்சின் தொடக்கத்திலேயே வந்து நிற்கும். அப்போது அதற்கு ‘ஆமாம், சத்தியமாக’ என்ற மிடுக்கு. பிறகு ஏதென்ஸ் நகரத்துக்காரர்களின் வாயில் அது பல இடங்களில் ‘அளவுக்கு மேல்’ என்று ஆனது. அவர்கள் எதையும் அளவோடு வைத்துக்கொள்ளச் சொல்கிறவர்கள். ‘ரொம்ப’ என்றாலே அவர்களுக்குச் சந்தேகம். அதற்கும் பிறகு எகிப்து மணலில் தோண்டியெடுத்த நாணல் தாள் கடிதங்களில் அதைப் பார்க்கலாம். அவை சாதாரண மனிதர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள். ‘உங்கள் கடிதம் கிடைத்து ரொம்ப சந்தோஷம்’ என்று தொடங்குகிற இடத்தில் அந்த ‘ரொம்ப’ நம் லீயான்தான். வேறொரு பழைய கடிதத்தில் ஒருவர் தன்னை மட்டம் தட்டிய பெரிய மனிதர்கள் மேல் கடுப்பாகி, அதன் தலையில் ‘மேலே’ என்று பொருள்படும் இன்னொரு சொல்லையும் ஏற்றி, ‘ரொம்பவுக்கும் மேலே போன ஆட்கள்’ என்று கிண்டல் செய்திருக்கிறார். எங்கள் தெருவில் ‘பெரி…ய அப்பாடக்கரு’ என்று இழுப்பார்களே, அதுதான்.

இப்போது கிரீஸில் கடைத்தெருவில் யாரும் அதைப் பேசுவதில்லையாம். வேறொரு சொல் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் ஓர் இடத்தில் மட்டும் அது இன்னும் வேலையில் இருக்கிறது: பட்டச் சான்றிதழில். இப்போது குறிலாகச் சொல்கிற ‘லியான் கலோஸ்’ என்றால் ‘மிக நன்று’. அதுவும் முதலிடம் இல்லை. அதற்கு மேலே ‘அரிஸ்தா’ என்று ஒன்று உண்டு. போர்ப் பாடலில் சத்தியம் செய்துகொண்டிருந்த சொல், கடைசியில் இரண்டாம் வகுப்பில் பாஸ் செய்து உட்கார்ந்திருக்கிறது. இதைப் படித்தபோது அதன் மேல் எனக்குக் கொஞ்சம் பரிவு வந்தது. இன்னொன்றையும் படித்தேன்: அந்தச் சொல்லின் வேர் எது, அது எந்தக் குடும்பம் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. பரம்பரை இல்லாமல் படித்து மேலே வந்த சொல். அன்று ராசியாகிவிட்டோம்.

எழுத உட்காரலாம் என்று பார்த்தால், குழுவை நடத்துகிற மேடம் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். தமிழ்ப் பொருளை இன்னொரு அகராதியிலிருந்து எடுக்கக் கூடாது. அவரவர் ஊரில் மக்கள் நிஜமாகப் பேசிய வாக்கியங்கள் பத்து வேண்டும். யார், யாரிடம், எப்போது சொன்னது என்ற குறிப்போடு.

இது ஒரு வேலையா என்று நினைத்தேன். எங்கள் ஊரில் ‘ரொம்ப’வுக்கா பஞ்சம்?

அடுத்த ஊர்க் காட்டில் வெங்காய அறுவடை. அம்மா அன்று வேறு பக்கம் வேலைக்குப் போயிருந்தார். எனக்குத் தெரிந்த முகம் இருந்தால் பேச்சு இயல்பாக வராது என்று நானே புத்திசாலித்தனமாக முடிவு செய்து, தெரியாதவர்கள் இருந்த காட்டுக்குப் போனேன். சுத்தமான சுடிதார், கையில் பரீட்சை அட்டை, அதில் செருகிய வெள்ளைத் தாள், பேனா. அந்த அட்டையைத்தான் நான் எடுத்துப் போயிருக்கக் கூடாது.

வேப்ப மரத்தடியில் பத்துப் பதினைந்து பெண்கள் வெங்காயக் குவியலைச் சுற்றி உட்கார்ந்து தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருவர் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “வெங்காயம் இந்த வருசம் எப்புடிங்க பெரியம்மா?” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார்.

“ரொம்ப மோசம்மா. ரொம்ப ரொம்ப மோசம். எழுதிக்க.”

ஒரே மூச்சில் மூன்று! நான் ஆனந்தமாக எழுதினேன். அதற்குள் அடுத்தவர் நகர்ந்து வந்தார். “எனக்கு வூடு பயங்கரமா ஒழுவுதும்மா. மழ பேஞ்சா உள்ள கொட புடிக்கணும்.” பயங்கரமா! அடிக்கோடு போட்டேன். கிரேக்கத்திலும் ‘பயமூட்டும்’ என்ற சொல்லிலிருந்து ஒரு ‘ரொம்ப’ பிறந்திருக்கிறது.

“எனக்கு முட்டி தாறுமாறா வலிக்குது. ஒக்காந்தா எந்திரிக்கவே முடியல” என்றார் இன்னொருவர். இதைச் சொல்வதற்காகக் குவியலின் அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து விறுவிறுவென்று வந்திருந்தார்.

பத்து நிமிடத்தில் என்னிடம் பத்துக்கு மேல் வாக்கியங்கள் சேர்ந்துவிட்டன. கூட்டமும் சேர்ந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் அட்டையும் பேனாவுமாக ஒரு பெண் காட்டுக்குள் வந்தால் அது கணக்கெடுப்பு. கூரை எத்தனை, ஆடு எத்தனை, கழிவறை உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். எழுதாமல் விட்டுப்போன வீட்டுக்கு ஒன்றும் வராது.

“ஐயோ, நான் ஆபீஸ்லேருந்து வரலைங்க. நான் படிக்கிற பொண்ணு. ஒரு சொல்லுக்காகத்தான் வந்தேன்” என்றேன்.

பெரியம்மா மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். “அப்புடித்தான் சொல்லுவாங்க. போன தடவ வந்த பொண்ணும் சும்மாதான் வந்தேன்னுச்சி. அப்பறம் பாத்தா லிஸ்ட்டுல பேரு வந்துருச்சி. இது எந்தத் திட்டம்மா?”

“கிரேக்கம்ங்க.”

“கிரேக்கமா? அது மத்தியா, மாநிலமா?”

“ரெண்டும் இல்லைங்க. வெளிநாடு.”

இந்தப் பதிலை நான் சொல்லியிருக்கவே கூடாது. அடுத்த கணம் எல்லாருடைய சுருக்குப் பையும் ஒயர் கூடையும் திறந்தன. எங்கள் பக்கத்துப் பெண்கள் வெளியே கிளம்பினால் ஆதார் அட்டையின் ஜெராக்ஸ் ஒன்று எப்போதும் கையோடு இருக்கும். எங்கே எப்போது யார் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. எடுத்து வராதவர்கள் வீட்டுக்கு ஓடிப் போய் எடுத்து வந்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்று நான் பின்னால் நகர, என் தோள் பைக்குள் ஜெராக்ஸ்கள் விழுந்துகொண்டே இருந்தன. “பின்னாடி நம்பர் எழுதியிருக்கேன், கூப்புடு” என்றார் முட்டி வலிக்காரர்.

கடைசியாக ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். ஒன்றும் சொல்லாமல் தன் ஜெராக்ஸை நாலாக மடித்துப் பையில் வைத்துவிட்டு, போய் வெங்காயம் அறுக்க உட்கார்ந்துவிட்டார்.

நான் வீடு வந்து சேருவதற்குள் செய்தி என்னை முந்திவிட்டது. சாயங்காலம் திருமானூரிலிருந்து அத்தையின் மகள் போன் செய்து, கிரேக்கத் திட்டத்தில் திருமானூர் ஒன்றியம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும், “எங்களுக்கு மட்டும் எதுவுமே வராது” என்று வருத்தப்பட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அத்தையே வந்தார். கையில் பாலிதீன் உறை. அதில் ஆதார் மூன்று பிரதி, ரேஷன் கார்டு ஒரு பிரதி, போட்டோ இரண்டு. எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“ஏ மருமவளே, பஸ் போவாத ஊருன்னு நான் சொன்னத மனசுல வச்சிக்காத. எழுது. கூர ரொம்ப மோசம்.”

“அத்த, ஒங்க வூட்டுக்கு போன வருசந்தான புது ஓடு போட்டீங்க? நான்தான கீழேருந்து எடுத்துக் குடுத்தேன்?”

“அது ஒனக்குத் தெரியும். கிரேக்கக்காரனுக்குத் தெரியுமா?”

நான் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டேன். அடுப்படியிலிருந்து வந்த அம்மா சிரிக்கவில்லை. என் தோள் பையைத் தலைகீழாகக் கொட்டினார். தரையெல்லாம் ஜெராக்ஸ் முகங்கள். கறுப்பாக, மங்கலாக, எல்லாரும் ஒரே மாதிரி முறைத்துக்கொண்டு.

“இதெல்லாம் நம்பிக் குடுத்ததுடி. ஒவ்வொரு வூடா போயி, அவங்கவங்க கையில திருப்பிக் குடுக்கணும். அப்பறம் எழுது ஒன் கிரேக்கத்த.”

“அம்மா, நாளக் கழிச்சு அனுப்பணும்மா. கடைசி நாள்.”

“அப்ப இன்னைக்கே கெளம்பு.”

அம்மாவும் அன்று வேலைக்குப் போகாமல் கூட வந்தார். அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார். முதல் வீட்டு வாசலில் நின்று, “இது எம் பொண்ணு. வெங்காயம் அறுக்க வருவன்ல நானு, எம் பொண்ணுதான். திட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. படிக்கிற புள்ள, தெரியாம பண்ணிட்டா” என்றார். எனக்கு முகம் சிவந்தது. முதல் வகுப்பில் பாஸான என்னை, தெரியாமல் பண்ணிவிட்ட பிள்ளையாக ஊர் ஊராக அறிமுகப்படுத்திக்கொண்டு வந்தார்.

யாரும் பெரிதாகக் கோபப்படவில்லை. “ஏம்மா, அட்டைய வச்சிக்கிட்டு வந்தா நாங்க என்னான்னு நெனக்கிறது?” என்று திட்டினார்கள், மோர் கொடுத்தார்கள். வீடு பயங்கரமாக ஒழுகிய பெண்ணின் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது நான் பேச்சுவாக்கில் மேலே பார்த்து, “எங்கங்க ஒழுவுது?” என்றேன்.

“அதுவா? அந்த மூலையில கொஞ்சம் சொட்டும். ஒரு சட்டிய வச்சா போதும்” என்றார்.

அடுத்த வீட்டில் முட்டி வலிக்காரர். “முட்டியா? தைலம் தேச்சா போயிடும். வயசாவுதுல்ல?” வெங்காயம் ரொம்ப ரொம்ப மோசம் என்ற பெரியம்மா, “வெங்காயத்துக்கு என்னா, நல்லாத்தான் வெளஞ்சிருக்கு. எங்கிட்ட நெலமா இருக்கு, நான் வெசனப்பட?” என்றார்.

அதே கூரை, அதே முட்டி, அதே வெங்காயம். நேற்று அட்டையிடம் சொன்னதில் ‘ரொம்ப’ இருந்தது. இன்று அம்மாவின் மகளிடம் சொன்னதில் இல்லை. நான் கையில் பேனா இல்லாமல் தவித்தேன். வழியில் ஒரு பெட்டிக்கடையில் ஒரு பேனாவும் நாலைந்து வெள்ளைத் தாளும் கடனுக்கு வாங்கி, நின்றபடியே எழுதிக்கொண்டேன்.

கடைசி வீடு, ஒன்றும் பேசாமல் ஜெராக்ஸை மடித்து வைத்த பெண்ணுடையது. அந்த வீட்டுக்கு ஒரு பக்கம் சுவர் இல்லை. மழையில் விழுந்திருக்கிறது. சுவர் இருந்த இடத்தில் சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார். நான் ஜெராக்ஸை நீட்டினேன்.

“வராதா?” என்றார்.

“வராதுங்க.”

“சரி.”

“நேத்து நீங்க ஒண்ணுமே சொல்லலியே? எல்லாரும் ரொம்ப ரொம்பன்னு சொன்னாங்க.”

“என்னாத்த சொல்றது? செவுரு இல்ல. அதுல ரொம்ப இல்ல, கொஞ்சம் இல்லன்னு இருக்கா?”

அம்மா என்னைப் பார்த்தார். நான் நீட்டிய ஜெராக்ஸைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து, கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு நாளுக்கு ஒரு மனு எழுதினேன். ‘மிகவும் பரிதாபமான நிலையில்’ என்று தொடங்கினேன். அடித்தேன். ‘எங்கள் வீட்டின் வடக்குச் சுவர் இல்லை’ என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். அந்த ஜெராக்ஸ் மட்டும் உருப்படியாக ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அம்மாவும் அவரும் திங்கட்கிழமை சேர்ந்தே பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். இன்னும் பதில் வரவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசி நாளன்று லீயானுக்கு எழுத உட்கார்ந்தேன். மேடம் கேட்ட பத்து வாக்கியங்களில் ஒன்பதை அதனதன் ஜோடியோடு வைத்தேன். இடது பக்கம்: அட்டையோடு வந்த தெரியாத பெண்ணிடம் சொன்னது. வலது பக்கம்: அதே ஆள், கூட வேலை செய்கிறவரின் மகளிடம் சொன்னது. பத்தாவது வாக்கியமாக, ஜோடி இல்லாமல், ‘செவுரு இல்ல’. பொருள் விளக்கத்தில் எழுதினேன்: இந்தச் சொல் பொருளை அளப்பது போலத் தோன்றும், பல நேரங்களில் அளப்பது கேட்கிறவரை. நாம் சொல்வதை இவர் நம்புவாரா என்ற சந்தேகம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு ‘ரொம்ப’. கடைசியில் அத்தையின் வாக்கியத்தையும் ஒரு குறிப்பாகச் சேர்த்தேன்.

கூடவே ஒரு விண்ணப்பக் கடிதமும் வைக்க வேண்டும். எழுதி முடித்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மிகுந்த ஆர்வம், மிகக் கடின உழைப்பு, மிகவும் நன்றியுடையவளாக.

அம்மா துணியை மடித்தபடியே, “யாருகிட்டடி இவ்ளோ கெஞ்சுற?” என்றார்.

எண்ணிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் ஒன்பது மிக. வடக்குச் சுவர் இல்லாதவரே ஒரு ‘ரொம்ப’ போடவில்லை. எனக்குச் சுவர் இருந்தது, பிறகு ஏன்? ஒன்பதையும் எடுத்தேன். கடிதம் நாலு வரியாகச் சுருங்கியது. படிக்கட்டுக்கு ஓடி, சிக்னல் இருக்கும்போதே அனுப்பினேன். அன்றிலிருந்து பி.எட். விண்ணப்பம் வீட்டு அலமாரியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்து மேடம் கூப்பிட்டார். வணக்கம்கூட முழுதாகச் சொல்லவில்லை.

“இந்த ஜோடி வாக்கியங்கள் நிஜமாப் பேசினதா? நீங்க எழுதினதா?”

ரொம்ப நிஜம் மேடம், சத்தியமா நிஜம் மேடம் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

“பேசினதுங்க.”

எதிர் முனையில் தாள் புரள்கிற சத்தம். “‘கிரேக்கக்காரனுக்குத் தெரியுமா’ன்னு சொன்னது யாரு?”

“எங்க அத்தைங்க.”

அவர் சிரித்தார். பக்கத்தில் யாரோ சிரிப்பதும் கேட்டது. “அத அகராதியில போட முடியாது. ஆனா நாங்க எல்லாரும் படிச்சிட்டோம். அடுத்த மாசம் முதல் வாரம் வந்து சேந்துடுங்க. அதுக்கு முன்னாடி ரெண்டாவது சொல்ல அனுப்புறேன், வேலைய ஆரம்பிச்சிடுங்க. வரும்போது ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு கொண்டாங்க.”

அம்மாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். “சரி. எப்பப் போவணும்?” என்றார். அவ்வளவுதான். ஒரே ஒரு ‘ரொம்ப’வாவது போட்டிருக்கலாம் என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. சாயங்காலம் குழாயடியைத் தாண்டிப் போனபோது அம்மாவின் குரல் கேட்டது. வேறு தெருவிலிருந்து வந்திருந்த ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார். “எம் பொண்ணு ரொம்பப் படிச்சிருக்கு.” அவர் நம்பவில்லை போலிருக்கிறது. அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, “ரொம்…ப” என்று இன்னொன்றையும் போட்டார். நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அத்தைக்கு விஷயம் தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“எந்த ஊரு?”

“திருச்சி அத்த.”

“அட, திருச்சியா? அதுக்குத்தான் பஸ் இருக்கே! இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன்டி கேக்கப் போறேன்?”

இரண்டாவது சொல்லும் வந்தது. ஒலிகொன். பொருள்: கொஞ்சம். கடலோ கப்பலோ இந்த முறையும் இல்லை. ஆனால் நான் ஒரு வாய் சோற்றைக்கூட விடவில்லை.

கிளம்பிய அன்று காலை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் என் ஆதாரை இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருச்சி பஸ்ஸில் ஏறினேன். ஒரு கால் உள்ளே, ஒரு கால் படியில். என் பையும் எனக்குப் பின்னால் ஏறிய நாலு பேரும் கதவை அடைத்துக்கொண்டு நின்றோம். உள்ளே மூச்சு விட இடமில்லை. கண்டக்டர் கூட்டத்தின் நடுவிலிருந்து கையை உயர்த்தி, “கொஞ்சம் உள்ள போங்கம்மா, கொஞ்சம் உள்ள போங்க!” என்றார்.

பையைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, போனை எடுத்து எழுதினேன். சொன்னவர்: கண்டக்டர். யாரிடம்: படியில் நின்றவர்களிடம். எப்போது: காலை, பெரம்பலூர்–திருச்சி பஸ். வாக்கியம் ஒன்று.